பொதுப்பணமும் கணக்கும்



நான் ஆசிரியத் தொழிலில் புகுந்த புதிதில் எங்கள் ஊர் வாசிகசாலையின் காரியதரிசியாகச் சில காலம் பணியாற்றினேன். அவ்வாசிகசாலையின் தனாதிகாரியாக விளங்கியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். ஊரார் அவரை வாத்தியார் ஐயா என்றே அழைப்பர். சங்கத்தின் பணம் முழுவதையும் அவர் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அங்கத்தவர் தரும் சந்தா அப்பெட்டிக்குள்ளேதான் செல்லும். பத்திரிகைக் கடைக்குக் கொடுக்கும் பணமும் அதிலிருந்தே வெளிவரும். கூரை ஓடு மாற்றுவதற்கென்று வீடு வீடாகச் சென்று திரட்டிய பணமும் அதே பெட்டியையே சேர்ந்தது. பணம் தந்தவர்க்குப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இருக்கவில்லை. யாரேனும் அதுபற்றிக் கேட்டால், "வாத்தியார் ஐயாவிடம் உள்ள பணம் வங்கியில் உள்ள பணத்தைவிடப் பத்திரமானது" என்று நானே பெருமையோடு மறுமொழி கூறுவேன்.

மாரிகாலம் நெருங்கிற்று. ஓடு வாங்குவதற்காகப் பெட்டியைத் திறந்தோம். நாங்கள் திரட்டியதாக நினைத்திருந்த தொகைக்கும் பெட்டியில் இருந்த தொகைக்கும் பொருத்தம் காணப்படவில்லை. வாத்தியார் ஐயா திகைத்துப்போனார். சந்தாப் பணம் போதாத மாதங்களிற் பத்திரிகைக் கடனைக் கூரைப் பணத்திலிருந்து தீர்த்ததாகவும், வேறு சில மாதங்களில் தமது ஓய்வூதியத்திலிருந்தே கொடுத்ததாகவும் அவர் சொன்னார். எப்பொழுது, எவ்வளவு என்பது அவருக்கே நினைவில்லை. எவரும் அவரை நேரிற் குற்றஞ் சாட்டவில்லை. ஆனால், தேநீர்க் கடையிலும் கோயில் வீதியிலும் மெல்ல மெல்லப் பேச்சு எழுந்தது. ஒரு கிழமைக்குள் அவர் தம் மனைவியாரின் காப்பை அடகுவைத்துக் குறைந்த தொகையைக் கொண்டுவந்து வாசிகசாலை மேசைமீது வைத்தார். அதன்பின் அவர் அப்படியில் ஏறவேயில்லை.

அவர் பொதுப்பணத்தில் ஒரு சதமேனும் எடுத்திருக்கமாட்டார் என்பது என் நம்பிக்கை. சங்கமே அவருக்குக் கடன்பட்டிருந்ததோ என்றுகூட நான் எண்ணுவதுண்டு. ஆயினும், அதனை நிறுவுவதற்கு அன்றும் சரி, இன்றும் சரி, ஒரு துண்டுக் கடதாசியேனும் கிடையாது. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. இந்நிலைக்கு அவரைக் காட்டிலும் நானே பெரிதும் பொறுப்பாளி. கணக்குக் கேட்கவேண்டிய இடத்தில் இருந்துகொண்டு, பெரியவர் ஒருவரிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நான் வாளாவிருந்தேன்.

கணக்குக் கேட்பது அவமதிப்பா? கணக்குக் காட்டுவது தாழ்வா? இவ்வினாக்களுக்கு நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே விடை கூறியிருக்கின்றனர். அவ்விடையைக் கல்லிலும் வெட்டி வைத்திருக்கின்றனர். இலாபம் கருதாது பொதுப்பணி புரியும் சங்கங்கள் தம் பணத்தை எவ்வாறு ஆளவேண்டும் என்பதைக் கற்க விரும்புவோர் அக்கல்வெட்டுக்களிலிருந்து தொடங்குவது நன்று.

தமிழகத்திலே, காஞ்சிபுர மாவட்டத்தில், உத்தரமேரூர் என்னும் ஊர் உளது. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் செய்துகொண்ட தீர்மானங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலிய வாரியங்களுக்கு ஆள் தெரிந்த குடவோலை முறையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால், அதே கல்வெட்டுக் கணக்கைப்பற்றிக் கூறும் செய்திகள் அத்துணைப் பெயர் பெறவில்லை.

அச்செய்திகள் மூன்று. முதலாவது, முன்பு ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவன் பெயரைக் குடத்தில் இடுதல் ஆகாது. அவன் பெயரை மட்டுமன்று, அவனுடைய நெருங்கிய உறவினர் பெயர்களையும் இடுதல் ஆகாது. இரண்டாவது, ஊர்க்கணக்கு எழுதுபவன் நேர்மையான வழியிற் பொருள் ஈட்டியவனாக இருத்தல் வேண்டும். அவன் தான் எழுதிய காலத்துக் கணக்கைச் சபைப் பெருமக்களிடம் காட்டிச் 'சுத்தன்' என்று பெயர் பெற்ற பின்னரே மீண்டும் அப்பணிக்கு வரலாம். மூன்றாவது, தான் எழுதிய கணக்கைத் தானே காட்டவேண்டும். வேறொரு கணக்கன் இடையிற் புகுந்து அதனை முடித்து வைத்தல் கூடாது.

இவற்றுள் இரண்டாவது விதியை நேயர்கள் சற்று ஆழ்ந்து நோக்கவேண்டும். கணக்குக் காட்டியவனுக்குச் சபை ஒரு பெயரை வழங்குகிறது. அவன் சுத்தன். அப்பெயரை அவன் தானே சூட்டிக்கொள்ள முடியாது. அவன் நண்பர்களும் சூட்ட முடியாது. கணக்கைப் பார்த்த சபையே சூட்டவேண்டும். வாத்தியார் ஐயாவுக்கு எங்கள் சங்கம் ஆண்டுதோறும் வழங்கியிருக்கவேண்டிய பெயர் இதுவே. நாங்கள் அவருக்கு மரியாதை செய்வதாக நினைத்து இப்பெயரை அவருக்கு மறுத்துவிட்டோம்.

உத்தரமேரூர்ச் சபையை எல்லார்க்கும் உரிய மக்களாட்சி என்று மிகைப்படுத்திக் கூறுதல் சரியன்று. அது ஒரு பிராமணக் குடியிருப்பின் சபை. நிலமும் மனையும் கல்வியும் உடைய ஆடவரே அதிற் பங்குபெற்றனர். பெண்களுக்கும், நிலத்தில் உழைத்த மக்களுக்கும் அதில் இடமிருக்கவில்லை. எனினும், பொதுப் பொறுப்பை ஏற்றவன் பொதுவில் கணக்குக் காட்டவேண்டும் என்ற நெறியை அவர்கள் கண்டுகொண்டனர். அந்நெறி அவர்களுடைய குறுகிய வேலியைக் கடந்தும் நிற்பதாகும்.

இனித் தஞ்சைக்குச் செல்வோம். முதலாம் இராசராசன் எடுப்பித்த பெரிய கோயில் 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. அக்கோயிற் கல்வெட்டுக்களை வாசிப்பவர் அவை பெரியதொரு கணக்கேடு போலத் தோன்றுவதைக் காண்பர். அரசனும் அவன் தமக்கை குந்தவையாரும் பிறரும் அளித்த அணிகலன்கள் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதப்பட்டுள்ளன. நிறுத்த கல்லின் பெயர் ஆடவல்லான். அணியின் எடையிலிருந்து சரடு, சட்டம், செப்பாணி முதலியவற்றை நீக்கிய எடையே பொன்னாகக் குறிக்கப்பட்டது. அளித்தவன் பேரரசன் என்பதற்காக செப்பாணியைப் பொன்னோடு சேர்த்து எழுத எவரும் துணியவில்லை. நம் சங்கங்களிற் கொடைகளுக்கு மதிப்பெழுதும்போது, கொடுத்தவரின் பெருமையைப் பார்த்து எழுதுகிறோமா, பொருளைப் பார்த்து எழுதுகிறோமா என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அக்கோயிலில் விளக்கு எரிப்பதற்குச் செய்த ஏற்பாடு இன்னும் நுட்பமானது. ஒரு நந்தாவிளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆட்டுக்குப் பதிலாகப் பசுவாயின் நாற்பத்தெட்டு; எருமையாயின் பதினாறு. அவற்றைப் பெற்ற இடையன் விளக்கொன்றுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். அவனுக்குப் பிணைநின்ற உறவினர் பெயர்களும் எழுதப்பட்டுள்ளன. இத்தகைய ஆடுகளைச் சோழர் காலக் கல்வெட்டுக்கள் சாவா மூவாப் பேராடு என்று கூறும். சாகாத, மூப்படையாத ஆடு உலகில் உண்டோ? தனித்தனி ஆடுகள் மூக்கும், சாகும். ஆனால், குட்டிகளால் அவற்றின் இடம் நிரப்பப்பட்டு மந்தையின் தொகை தொண்ணூற்றாறாகவே நிற்றல் வேண்டும். நெய்யைச் செலவிடலாம், மந்தையைச் செலவிடலாகாது.

முதலைப் பேணி, அதன் விளைவை மட்டுமே செலவிடுதல் என்னும் விதியை இதனினும் தெளிவாக உரைத்த கணக்கியல் நூலை நான் கண்டதில்லை. பணமாக வைத்த அறக்கொடைகளிலும் இதே முறை நின்றது. தஞ்சைக் கோயிலின் காசுகள் ஊர்ச்சபைகளிடமும் வணிகரிடமும் வட்டிக்குக் கொடுக்கப்பட்டன. ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு, வட்டியாக அமைந்தது. எந்தக் காசின் வட்டி எந்தப் பூசைக்கு, எந்த விழாவுக்கு என்பதும் குறிக்கப்பட்டிருந்தது. ஒன்றுக்கென வைத்ததை மற்றொன்றுக்கு எடுக்கக்கூடாது என்னும் கருத்து இதிலே பொதிந்துள்ளது. எங்கள் தகரப் பெட்டியில் இல்லாதிருந்தது இவ்வெல்லைக் கோடேயாகும்.

நம் நாட்டிலும் இத்தகைய சான்று உண்டு. அனுராதபுரத்தை அடுத்த மிகிந்தலையில் இரு பெருங் கற்பலகைகள் நிற்கின்றன. பத்தாம் நூற்றாண்டில், 956 முதல் 972 வரை ஆண்ட நாலாம் மகிந்த மன்னன் அங்குள்ள பௌத்த விகாரைக்கு வகுத்த ஒழுங்குகள் அவற்றிற் சிங்கள மொழியிலே பொறிக்கப்பட்டுள்ளன. உத்தரமேரூர்த் தீர்மானங்களுக்குச் சில பத்தாண்டுகளே பிந்தியவை அவை. விகாரையில் யார் யார் வேலைசெய்யவேண்டும், அவர்க்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு நிலம் என்பனவெல்லாம் அவற்றிற் காணப்படுகின்றன. கணக்கைப்பற்றி அவை கூறுவது வியப்புக்குரியது.

நாள்தோறும் செய்த செலவைப் பதிவேட்டில் எழுதவேண்டும். எழுதிய கணக்கைக் கைச்சாத்திட்டு உறுதிப்படுத்தி, ஒரு பேழையிலிட்டுப் பூட்டி முத்திரை வைக்கவேண்டும். மாதந்தோறும் பேழையைத் திறந்து சுத்தப்பிரதி எடுக்கவேண்டும். பன்னிரண்டு மாதக் கணக்குகளையும் கூட்டி ஆண்டிறுதிக் கணக்கை ஆக்கி, அதனைச் சங்கத்துத் துறவியர் நடுவே வாசித்து முடிவு செய்யவேண்டும். நாட்கணக்கு, மாதக்கணக்கு, ஆண்டுக்கணக்கு, இறுதியில் எல்லார் முன்னிலையிலும் வாசிப்பு. இன்று ஒரு சங்கத்தின் யாப்பில் நாம் எழுதும் நிதி விதிகளுக்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே.

மிகிந்தலையில் இருந்தோர் உலகப் பற்றைத் துறந்த முனிவர்கள். அவர்களைத் திருடர் என்று எவர் ஐயுற்றிருப்பார்? இருந்தும் பேழைக்குப் பூட்டும் முத்திரையும் வேண்டியிருந்தன. ஏன்? பொருள் அவர்களுடையதன்று, அதனை அளித்தவர்களுடையதும் அன்று, விகாரை என்னும் நிலையான நிறுவனத்துடையது. மனிதர் வருவர், போவர்; நிறுவனம் நிற்கும். அதன் நினைவு மனிதரின் மூளையில் இருத்தல் போதாது. ஏட்டில் இருத்தல் வேண்டும்.

சைவமும் வைணவமும் பௌத்தமும், தமிழும் சிங்களமும், கடலுக்கு இருமருங்கும் ஏறத்தாழ ஒரே நூற்றாண்டில் இவ்வொரே முடிவுக்கு வந்தமை நம் சிந்தனைக்குரியது. பொதுப்பணத்தைக் கையாளும் அறம் எந்தவொரு சமயத்தின் தனியுடைமையும் அன்று.

கணக்கு எழுதும் முறையில் அடுத்த பெரிய முன்னேற்றம் இத்தாலியில் நிகழ்ந்தது. அதுவே இரட்டைப் பதிவு முறை. அது வணிகரின் இலாப வேட்கையிற் பிறந்தது என்று பலர் கருதுவர். அதில் உண்மை உண்டு. ஆனால், இன்று கிடைக்கும் மிகப் பழைய முழுமையான இரட்டைப் பதிவுக் கணக்குகளுள் ஒன்று, ஜெனோவா நகரின் பொதுப்பணத்தைக் கையாண்ட அலுவலர்கள் 1340ஆம் ஆண்டில் எழுதியதாகும். ஒரு நகரத்தின் பொதுப்பணம், ஒரு வணிகனின் தனிப்பணம் அன்று. பின்னர் 1494ஆம் ஆண்டில், லூக்கா பச்சியோலி என்னும் பிரான்சிஸ்கன் துறவி, வெனிசு நகரில் அச்சிட்ட கணித நூலில் இம்முறையை விளக்கி எழுதினார். அவர் இதனைப் புதிதாகக் கண்டுபிடித்தவர் அல்லர்; வெனிசு வணிகர் கைக்கொண்ட முறையை ஒழுங்குபடுத்தி உலகுக்கு அறிவித்தவர். வறுமையை விரதமாகக் கொண்ட ஒரு துறவி பணக் கணக்கின் ஆசானாக விளங்கியதும் ஒரு சுவையான செய்தியே.

இரட்டைப் பதிவு என்றால் என்ன? கலைப்பட்டதாரியாகிய எனக்கு அது நெடுங்காலம் புரியாத மந்திரமாகவே இருந்தது. அதிபராகப் பொறுப்பேற்றபின், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கைப் பார்க்கவேண்டிய கடமை என்மீது விழுந்தது. வாசிகசாலை நிகழ்ச்சி என் நினைவை விட்டு அகலாமையால், இம்முறை அறியாமையோடு கைச்சாத்திட நான் உடன்படவில்லை. எங்கள் பாடசாலையில் வர்த்தகம் கற்பித்த இளம் ஆசிரியை ஒருவரிடம், பாடசாலை விட்டபின் மாணவனைப் போல் அமர்ந்து கற்றேன். என் மகளின் வயதே அவருக்கு. முதல் நாள் நான் ஒரு கொடையை எழுதிக் காட்டியபோது அவர் சொன்னார்: "சேர், காசு வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கேயிருந்து, எதற்காக வந்தது என்று எழுதவில்லையே?"

அவ்வொரு வினாவில் இரட்டைப் பதிவின் சாரம் அடங்கியிருந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரு முகம் உண்டு. நூலகத்துக்கென ஒருவர் ஐயாயிரம் ரூபா தருகிறார். கையிலுள்ள காசு ஐயாயிரம் கூடிற்று என்பது ஒரு முகம். நூலகத்துக்குச் செலவிடவேண்டிய கடமை ஐயாயிரம் கூடிற்று என்பது மறு முகம். அப்பணத்தில் மூவாயிரத்துக்கு அலுமாரி வாங்கினால், காசு குறைந்தது ஒரு முகம். அலுமாரி என்னும் சொத்து வந்தது மறு முகம். இரு முகங்களையும் எழுதினால் இரு பக்கமும் சமனாக நிற்கும். சமனாகாவிடின் எங்கோ பிழை உண்டென்று ஏடே நமக்குச் சொல்லும். ஆனால், இரு பக்கமும் சமன்பட்டது என்பதால் மட்டும் பிழையே இல்லை என்று கொள்ளுதல் ஆகாது. எழுதாமலே விடப்பட்ட கொடுக்கல் வாங்கலை எந்த ஏடும் காட்டிக்கொடாது. ஆதலினாற்றான் பற்றுச்சீட்டும், உறுதிச்சீட்டும், கணக்காய்வும் வேண்டப்படுகின்றன.

இந்நெறியைச் சாதாரண உழைப்பாளரின் கையிற் கொடுத்தது கூட்டுறவு இயக்கம். இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் நெசவாளரும் பிற தொழிலாளரும் இருபத்தெட்டுப் பவுண் முதலுடன், 1844ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆந் தேதி, ஒரு சிறு கடையைத் திறந்தனர். கலப்படமற்ற பண்டம், சரியான நிறை, அங்கத்தவர் ஒருவர்க்கு ஒரு வாக்கு என்பவற்றோடு, அங்கத்தவர் முன் காலந்தோறும் கணக்கு வைத்தல் என்பதும் அவர்களுடைய கொள்கைகளுள் ஒன்றாயிற்று. இலங்கையில் 1911ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம் இவ்வியக்கம் சட்ட வடிவம் பெற்றது. நம் கிராமங்களில் ஏட்டுக் கல்வி குறைந்த கமக்காரர் பலர், ஐந்தொகை என்ற சொல்லையும் கணக்காய்வு என்ற சொல்லையும் கூட்டுறவுச் சங்கக் கூட்டங்களிலேயே முதன்முதற் கேட்டனர்.

பின்னர், 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் தொண்டு நிறுவனங்களின் பதிவையும் மேற்பார்வையையும் வகுத்தது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, உலகெங்குமிருந்து உதவி வந்தது. அதுவரை சில ஆயிரங்களையே கண்ட சிறு சங்கங்கள் பலவற்றின் கையிற் பெருந்தொகைகள் வந்து சேர்ந்தன. ஈர நெஞ்சம் இருந்தது. உழைக்கும் கைகள் இருந்தன. கணக்கு எழுதத் தெரிந்தவர் போதுமானவராய் இருக்கவில்லை. இடர் வந்தபின் கணக்குக் கற்கத் தொடங்குவது, வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதை ஒக்கும்.

இலாபம் கருதாத நிறுவனத்தின் கணக்கு, கடைக்காரன் கணக்கினின்றும் சிலவற்றில் வேறுபடும். கடைக்காரனுக்கு ஆண்டு முடிவில் இலாபம் எவ்வளவு என்பதே தலையாய வினா. நமக்கோ, எந்நோக்கத்துக்காகப் பணம் பெற்றோமோ அந்நோக்கம் எவ்வளவு நிறைவேறிற்று என்பதே தலையாய வினா. மிச்சம் வருதல் குற்றமன்று. அம்மிச்சத்தை அங்கத்தவர் தமக்குள் பங்கிடாது சங்கத்தின் திரண்ட நிதியிற் சேர்த்தல் வேண்டும் என்பதே வேறுபாடு.

பெட்டியில் பணம் இருப்பதைக் கொண்டு சங்கம் செழிப்பாக உள்ளது என்று முடிவுசெய்தல் பெரும் பிழை. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். ஆண்டிறுதியில் ஒரு சங்கத்தின் கையிலும் வங்கியிலுமாக 40,000 ரூபா உளது எனக் கொள்வோம். அதில் 25,000 ரூபா வறிய மாணவரின் படிப்புக்கென ஒருவர் தந்தது. அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய 18,000 ரூபா இன்னும் கொடுபடவில்லை. படிப்பு நிதியை நீக்கினால் எஞ்சுவது 15,000. அச்சகக் கடனோ 18,000. ஆகவே, நாற்பதினாயிரம் வைத்திருக்கும் அச்சங்கம் உண்மையில் 3,000 ரூபா குறைவில் நிற்கிறது. பெறுவனவு கொடுப்பனவுக் கணக்கு நாற்பதினாயிரத்தை மட்டுமே காட்டும். வருமானச் செலவினக் கணக்கும் ஐந்தொகையும் சேர்ந்தே மற்றவற்றைக் காட்டும். மாணவர்க்கென வந்த பணத்தில் அச்சகக் கடன் தீர்க்கப்படுவது பெரும்பாலும் வஞ்சகத்தால் அன்று, இவ்வறியாமையினாலேயே நிகழ்கிறது.

ஊரிலுள்ள மரண சகாய சங்கம், மாதர் சங்கம், சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம் முதலியவற்றிற் பொறுப்பேற்றிருக்கும் நேயர்கள் இவற்றையெல்லாம் கற்பது கடினமென்று மலைக்கவேண்டியதில்லை. சில பழக்கங்களே அடிப்படை. பணம் பெற்றவுடன் தொடரிலக்கமிட்ட பற்றுச்சீட்டு எழுதுக, அடிக்கட்டையைப் பேணுக. பெற்ற பணத்தை அப்படியே வங்கியில் இடுக. வசூலித்த பணத்திலிருந்தே நேராகச் செலவு செய்யாதீர். கொடுப்பனவு ஒவ்வொன்றுக்கும், யார் அனுமதித்தார் என்பது தெரியும் உறுதிச்சீட்டு இருக்கட்டும். காசோலையில் இருவர் கைச்சாத்திடுக. வெறுங் காசோலையில் முன்கூட்டிக் கைச்சாத்திட்டு வைக்காதீர். சிறு செலவுக்கு ஒரு குறித்த தொகையைத் தனியே வைத்து, செலவான அளவுக்கு மட்டும் மீண்டும் நிரப்புக. காசேட்டை அன்றன்று எழுதுக.

மாத முடிவில் காசேட்டின் மீதியையும் வங்கிக் கூற்றின் மீதியையும் ஒப்பிடுக. இரண்டும் வேறுபட்டால் அஞ்சவேண்டியதில்லை. நாம் கொடுத்த காசோலையை ஒருவர் இன்னும் மாற்றாதிருக்கலாம். வங்கி தன் கட்டணத்தைக் கழித்திருக்கலாம். வேறுபாட்டுக்குக் காரணத்தை எழுதி வைப்பதே கணக்கிணக்கக் கூற்று. ஒவ்வொரு நோக்கத்துக்கும் வந்த நிதியைத் தனித்தனி நிரலில் எழுதுக. ஆண்டு தொடங்குமுன் வரவு செலவுத் திட்டம் ஆக்கி, மாதந்தோறும் நடப்போடு ஒப்பிட்டுச் செயற்குழுவில் வாசியுங்கள். பணத்தை வைத்திருப்பவர், செலவை அனுமதிப்பவர், கணக்கைச் சோதிப்பவர் ஆகிய மூவரும் ஒருவராக இருத்தல் கூடாது. கணக்காய்வாளர் தனாதிகாரியின் மைத்துனராக இராதிருப்பதும் நன்று. உத்தரமேரூரார் உறவு முறைகளை அவ்வளவு விரித்து எழுதியதன் பொருளை நாம் உணரவேண்டும்.

பொதுக்கூட்டத்திற் கணக்கு வாசிக்கப்படும்போது, தேநீர் எப்பொழுது வரும் என்று பார்த்திருப்பது நம் அங்கத்தவர் பலரின் இயல்பு. "ஏற்றுக்கொள்கிறோம்" என்று ஒருவர் கூற, "ஆமோதிக்கிறேன்" என்று மற்றொருவர் கூற, ஓர் ஆண்டின் கணக்கு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கணக்கு எழுதும் கடமை தனாதிகாரிக்கு உரியதாயின், அதனைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் கடமை அங்கத்தவர்க்கு உரியது. கேட்பாரற்ற கணக்கு நாளடைவில் எழுதுவாரற்ற கணக்காகிவிடும். ஆகவே, அடுத்த கூட்டத்தில் நீங்கள் எழுந்து ஒரு வினாவையேனும் கேளுங்கள். அதிகாரத் தொனியிலன்றி, அன்போடு கேளுங்கள். தனாதிகாரி நேர்மையானவராயின் அவர் மனம் நோகார். தம் உழைப்பை ஒருவர் பொருட்படுத்திப் பார்த்தாரே என்று மகிழ்வார்.

எங்கள் வாசிகசாலைக் கூரை அந்த மாரிக்குமுன் வேறொருவர் தயவால் ஓடு பெற்றது. ஆனால், வாத்தியார் ஐயா வராத வாசிகசாலைக்குப் பிள்ளைகளும் வருவது குறைந்தது. மாலையில் அவர் சிறுவர்க்குப் பத்திரிகை வாசித்துக் காட்டும் வழக்கம் இருந்தது, அதுவும் நின்றுபோயிற்று. சில ஆண்டுகளில் கதவு பூட்டப்பட்டது. ஐம்பது சதம் பெறாத ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகமும், நாளொன்றுக்கு ஐந்து நிமிடமும் அன்று செலவிட்டிருந்தால், ஒரு நல்லவரின் முதுமையும் ஓர் ஊரின் வாசிகசாலையும் காக்கப்பட்டிருக்கும்.

இப்பொழுது எங்கள் பாடசாலையில், ஆண்டுதோறும் மாணவர் மன்றங்களுக்குத் தனாதிகாரிகளாகத் தெரிவாகும் பிள்ளைகளை அழைத்து, காசேடு எழுதும் முறையை நானே கற்பிக்கிறேன். ஆண்டு முடிவில் அவர்கள் தத்தம் மன்றத்தின் முன் நின்று, தாம் எழுதிய கணக்கைத் தாமே வாசிக்கவேண்டும். சென்ற ஆண்டு ஒரு சிறுமியின் கணக்கில் இருபது ரூபா குறைந்தது. அவள் கண்கலங்கி நின்றாள். எல்லாருமாக ஏட்டைப் புரட்டிப் பார்த்தோம். வெண்கட்டி வாங்கிய செலவொன்று எழுதப்படாதிருந்தது. கடைச் சீட்டு அவளுடைய உறுதிச்சீட்டுக் கோவையில் இருந்தது. எழுதிக் கூட்டினோம், கணக்குச் சரிவந்தது. மன்றத்துப் பிள்ளைகள் கைதட்டினர். அச்சிறுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் இடத்திற் போய் அமர்ந்தாள்.

அவளுக்கு அன்று சபை வழங்கிய பெயரை நான் அறிவேன். அப்பெயர் உத்தரமேரூர்க் கல்லில் உளது.